சொர்ணப்பாண்டி லாரியின் ரோட்டர்

அடியில படுத்து என்னத்தப் பாத்தீக தம்பி? இல்ல, தெரிஞ்சுக்கிடக் கேக்கேன். கோயமுத்தூர்ல இருந்து இம்புட்டுத் தூரம் கார ஓட்டிட்டு வந்து, ஒரு வாய் தண்ணி கூடக் குடிக்காம, வெள்ளைச் சட்டையோட வண்டிக்கு அடியில போயி மல்லாக்கப் படுத்தா எனக்கு எப்படி இருக்கும்? சேஸ் நம்பரா? அது ஆர்.சி. புத்தகத்துல இருக்கு. புத்தகத்துல இருக்கிறத அடியில போயி எதுக்குப் பாக்கணும்? புத்தகம் பொய் சொல்லுதுங்கீகளா, நான் பொய் சொல்லுதேங்கீகளா?

சரி, சரி, கோவிச்சுக்கிடாதீக. உக்காருங்க. அந்த ஸ்டூல்ல வேண்டாம், அதுக்கு ஒரு காலு ஆடும். இந்தப் பலகையில உக்காருங்க. ஃபயர் வண்டியக் காட்டச் சொல்லிப் பஞ்சு ஜின்னிங் சங்கத்துச் செயலாளர் கடுதாசி குடுத்திருக்காரு, காட்டியாச்சு. விக்கிறதுன்னு சங்கத்துல முடிவு பண்ணிட்டாக, வேண்டாம்னு சொல்ல நான் யாரு? பழைய டிரைவரு. பேரு பால்வண்ணம். ஷெட்டுச் சாவி எங்கிட்ட இருக்கு, அம்புட்டுதான். ஆனா வண்டிய எடுத்துட்டுப் போயி என்ன செய்வீகன்னு கேட்டா, பெயிண்டடிச்சு ஊர்வலம் விடுவோம்ங்கீக. பழைய வண்டிக ஊர்வலமாம். கலியாணம் கிடையாது, சாமி கிடையாது, சும்மா ஓட்டிட்டுப் போயிட்டுத் திரும்பி வருவாகளாம். இத நான் நம்பணும்.

அது போகட்டும். என்னமோ கேட்டீகள்ல? எஞ்சின்ல டெல்கோ டப்பாவத் தொறந்து பாத்துட்டு, உள்ள இருக்க ரோட்டர்ல ஆணிய வச்சு ‘சொ.பா.’ன்னு கீறியிருக்கே, அது என்னன்னு. முப்பத்திரண்டு வருசத்துல அதக் கேட்ட ஆளு நீங்க ஒருத்தர்தான். கேட்டதோட விட்டீகளா? எல்லாப் பார்ட்ஸும் ஒரிஜினல்னு ஒரு தாளு அடிச்சுக் கொண்டாந்து, அதுல என்னையக் கையெழுத்துப் போடுங்கீக. போடுதேன். அதுக்கு முன்னாடி அந்த ரோட்டர் சங்கதியக் கேளுங்க. அதுல தனுஷ்கோடின்னு ஒருத்தன் திருடன்னு பேரு வாங்குனான், வேலையும் போச்சு. வெளிய நாலு பேரு நாலு விதமாச் சொல்லுவான். நான்தான் காரணம்னு நீங்க நெனச்சிரக் கூடாதுல்லா, அதுக்காகச் சொல்லுதேன்.

மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோங்க. இது ஃபயர் வண்டியாப் பொறந்தது இல்ல. லாரி. பெட்ஃபோர்டு லாரி. அறுபத்தொண்ணுல இந்தப் பஞ்சுப்பேட்டையில பஞ்சு மூட்டை போட்டு வைக்கிற கிட்டங்கி மூணு அடுத்தடுத்து எரிஞ்சு போச்சு. சர்க்கார் ஃபயர் சர்வீஸ் முப்பது மைல் தாண்டி வந்து சேருததுக்குள்ள எல்லாம் சாம்பலு. சங்கத்துல கூடிப் பேசி, புது லாரிச் சேஸ் ஒண்ணு வாங்கி, மெட்ராஸ்ல ஒரு பட்டறையில விட்டு, அதுமேல தண்ணித் தொட்டி கட்டி, பின்னால பம்ப் வச்சு, தலையில ஏணியக் கட்டி, பக்கத்துல மணியத் தொங்கவிட்டு, செவப்புப் பெயிண்டு அடிச்சுக் கொண்டாந்துட்டாக. மூஞ்சிய நல்லாப் பாருங்க, சரக்கு லாரி மூஞ்சிதானே அது?

அதுலதான் தம்பி வெனையே. ஃபயர் வண்டியாவே பொறந்திருந்தா எவன் கண்ணும் படாது. அதுல இருக்க பார்ட்ஸ எடுத்துட்டுப் போயி எவன் என்ன செய்ய? ஆனா இது அப்படியா? அப்ப இந்தப் பாதையில ஓடுன லாரியில பாதி இந்த வண்டிதான். பார்ட்ஸ் கெடைக்காது. எழுதிப் போட்டா மூணு மாசம் ஆகும். பட்டறையில விட்டா மாத்திருவான்னு, ஒவ்வொரு லாரிக்காரனும் தன் வண்டிப் பார்ட்ஸ்ல ஆணிய வச்சுப் பேரக் கீறி வச்சிருப்பான். அப்படிப்பட்ட ஊருல, மாசத்துக்கு ரெண்டு தடவ கூட ஓடாத ஒரு லாரி, டைனமோல இருந்து கார்பரேட்டர் வரைக்கும் தேயாம, புதுப்பொண்ணு மாதிரி ஷெட்டுல நிக்கி. கண்ணு படுமா படாதா, நீங்களே சொல்லுங்க.

என்னைய டிரைவராப் போட்டாக. பம்ப்புக்குத் தனுஷ்கோடி. என்னை விட நாலு வயசு எளையவன். வாயத் தொறந்தா அண்ணே, அண்ணே. எப்பப் பாத்தாலும் சிரிச்ச முகம். அதுவே எனக்குப் பிடிக்காது. இருக்க சம்பளத்துக்கு ஒரு மனுசன் எந்நேரமும் சிரிச்சுக்கிட்டு இருந்தான்னா, என்னமோ இருக்குன்னுதான அர்த்தம்? போதாக்குறைக்கு அவனுக்கு வண்டி ஓட்டவும் தெரியும். பம்ப்புக்காரனுக்கு ஸ்டியரிங் எதுக்கு? கேட்டா, மச்சான் லாரியில கிளீனராப் போயிப் பழகுனேன்ங்கான். மச்சான் யாரு? பொண்டாட்டி கூடப் பொறந்த சொர்ணப்பாண்டி. அவன் வச்சிருந்தது என்ன லாரி? இதே பெட்ஃபோர்டு. இப்பப் புரியுதா? எனக்கு அன்னைக்கே புரிஞ்சு போச்சு.

எழுபத்தொண்ணு, தை மாசம். எஞ்சின்ல இருக்க ஆறு பிளக்குலயும் நான் வெள்ளைப் பெயிண்டுல ஒரு பொட்டு வச்சிருந்தேன். எதுக்கா? வச்சிருந்தேன், அவ்வளவுதான். ஒருநா பாக்கேன், ஒரு பிளக்குல பொட்டக் காணும். ஏலே தனுஷ்கோடி, என்னடா இதுன்னேன். கொஞ்சம் கூடப் பதறல அவன். “அண்ணே, அது மிஸ்ஸடிச்சுக்கிட்டு இருந்துச்சு. நீங்க லீவுல இருந்தீக. மச்சான் கிட்ட புதுசு ஒண்ணு இருந்துச்சு, வாங்கிப் போட்டேன்”ங்கான். பழசு எங்கடான்னேன். இந்தா இருக்குன்னு டப்பாவுல இருந்து எடுத்துக் குடுக்கான். பொட்டு வச்ச பிளக்குதான். ஆனா பாருங்க, புதுசக் குடுத்துப் பழச எடுக்கிறவன் உலகத்துல உண்டா? இன்னைக்குப் பிளக்கப் போட்டுப் பழக்குவான், நாளைக்கு டைனமோவக் கழட்டுவான். நான் விடுவனா? செயலாளருக்கு ஒரு மனு எழுதிக் குடுத்தேன். அப்பச் செயலாளரா இருந்தவரு கோமதிநாயகம் அண்ணாச்சி. படிச்சுட்டுச் சிரிச்சாரு. அடுத்த மாசம் ஸ்டெப்னி டயர்ல காத்து கம்மியா இருந்துச்சு, அதுக்கு ஒரு மனு. பிறகு ஒருநா சொர்ணப்பாண்டி ஷெட்டு வாசல்ல நின்னு இவன் கூடப் பேசிக்கிட்டு இருந்தான், அதுக்கு ஒண்ணு. மூணு மனு. மூணையும் ஃபைல்ல போட்டாரு, நடவடிக்கை கிடையாது.

பிறகு நான் என்ன செய்ய? வண்டி என் பொறுப்பு. அதனால டெல்கோவுல கை வச்சேன். ஆறு பிளக்குக்கும் கரண்டப் பங்கு போட்டு அனுப்புற டப்பா அது. அதுக்குள்ள சுத்துறதுதான் ரோட்டர். பெருவிரல் தண்டிதான் இருக்கும், ஆனா அது இல்லைன்னா நீங்க தலகீழா நின்னாலும் வண்டி கெளம்பாது. மூடியக் கழட்டி, ரோட்டர உருவிட்டு, மூடிய மாட்டிட்டா வெளிய ஒண்ணும் தெரியாது. சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது உருவிக்கிடுவேன், காலையில வந்து மாட்டிருவேன். ராத்திரி தீப்பிடிச்சா என் வீடு ஷெட்டுக்குப் பின்னாலதான, ஓடி வந்து மாட்ட ஒரு நிமிசம். தனுஷ்கோடி கிட்டச் சொல்லல. அவங்கிட்டச் சொல்லுததுக்கு அதக் கழட்டாமலே இருந்திரலாமே? எங்க வீட்டுக்காரி செண்பகவல்லிக்கு மட்டும் தெரியும். “உங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு”ன்னா. பொம்பளைக்கு எஞ்சினப் பத்தி என்ன தெரியும்?

பங்குனி உத்திரம் வந்துச்சு. எங்க பக்கத்துல அன்னைக்கு எல்லாரும் அவுகவுக சாஸ்தா கோயிலுக்குப் போயிருவாக, ஊரே காலியாக் கெடக்கும். எங்க சாஸ்தா மலையடிவாரத்துல இருக்காரு, ரெண்டு பஸ் மாறணும். எம் பையனுக்குக் காது குத்தும் அன்னைக்குத்தான். ரெண்டு பேருல ஒருத்தர் ஷெட்டுல இருக்கணுமே? தனுஷ்கோடிக்கும் சாஸ்தா உண்டு. அவன் என்ன சொன்னான் தெரியுமா? “நீங்க போங்கண்ணே, பிள்ளைக்குக் காதுகுத்து இருக்கு. எஞ் சாமி அடுத்த வருசமும் அங்கதான இருக்கும்”னான். எனக்குச் சுருக்குன்னுச்சு. தன் சாமியக் கூட விட்டுட்டு ஒருத்தன் ஷெட்டுல தனியா இருக்கேங்கான்னா எதுக்கு?

நீங்க அப்படிப் பாக்காதீக தம்பி. ரோட்டரக் குடுத்துட்டுப் போகணும்னுதான் இருந்தேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு. பிள்ளை வேற அழுதுக்கிட்டு இருந்தான். அதுவுமில்லாம சாவி அவங்கிட்ட, ஊருல ஆளு கிடையாது, சொர்ணப்பாண்டி லாரி அமுக்கிக் கட்டுன பஞ்சுப் பேல் ஏத்த மேலத்தெருக் கிட்டங்கியில வந்து நிக்கி. எல்லாம் ஒரே நாள்ல எப்படித் தம்பி ஒண்ணாக் கூடும்? அதனால குடுக்கல. மடியில வச்சுக் கட்டிக்கிட்டேன். கோயில்ல சட்டையக் கழட்டிட்டு நிக்கேன், பூசாரி திருநீறு பூசுதாரு, நான் மடியத் தொட்டுப் பாத்துக்கிட்டே இருந்தேன்.

மத்தியானம் ரெண்டு மணிக்குத் தீப்பிடிச்சிருக்கு. அதே மேலத்தெருக் கிட்டங்கி. முதலாளிக்குச் சரக்கு அவசரம், திருநாளும் அதுவுமா வேலை வச்சிருக்காரு. உள்ள பஞ்சு பொறுக்குற பொம்பளைக பதினோரு பேரு. தீ முன்வாசல்ல. பின்வாசல்ல பேல அடுக்கி அடைச்சு வச்சிருக்கு. பொம்பளைக ஜன்னலப் பிடிச்சுக்கிட்டுக் கத்துதாளுகளாம்.

இங்க தனுஷ்கோடி செல்ஃப் போட்டிருக்கான். எடுக்கல. ஹேண்டிலப் போட்டுச் சுத்தியிருக்கான். எடுக்கல. கூட நின்ன டீக்கடைக்காரர் மீரான்தான் எனக்குச் சொன்னது. கையில தோலு கிழிஞ்சு ரத்தம் வடியுற வரைக்கும் சுத்துனானாம். அப்புறம் பானட்டத் தொறந்து ஒவ்வொண்ணாப் பாத்து, டெல்கோ மூடியக் கழட்டிப் பாத்திருக்கான். உள்ள மொட்டையா இருக்கு. அப்புறம் ஓடுனானாம் பாருங்க, கிட்டங்கிக்கு. சொர்ணப்பாண்டி சாப்பிடப் போயிருக்கான். லாரி பேல் ஏத்திக் கிட்டங்கி வளவுக்குள்ள, காம்பவுண்டு ஓரமா நிக்கி, தீக்கு இன்னும் தள்ளித்தான். இவன் அந்த லாரி டெல்கோவத் தொறந்து ரோட்டர உருவிக்கிட்டு, திரும்ப ஓடி வந்து இதுல மாட்டியிருக்கான். அப்படியே பொருந்திருச்சு. ரெண்டும் ஒரே லாரிதான? மணிய அடிச்சுக்கிட்டு ஓட்டிட்டுப் போயி, தண்ணியடிச்சு, முன்வாசத் தீயை அமத்தி, பதினோரு பேரையும் வெளிய கொண்டாந்துட்டான். ஒருத்திக்கு முடி கருகுனது, அம்புட்டுதான் சேதம்.

அந்த நேரம் காத்து திரும்பியிருக்கு. பங்குனி மாசக் காத்து கேக்கவா வேணும். தீ கூரை வழியாத் தாவி வளவுக்கு வந்திருச்சு, அதுக்குள்ள இந்த வண்டித் தொட்டியில தண்ணியும் தீந்து போச்சு. சொர்ணப்பாண்டி ஓடி வந்து லாரில ஏறிச் செல்ஃப் போடுதான், போடுதான். எங்க எடுக்கும்? அதோட ரோட்டர்தான் இந்த வண்டியில ஓடிக்கிட்டு இருக்கே. எறங்கித் தள்ளக் கூட ஆளில்ல. அவன் கண்ணு முன்னாடி லாரி, பேல், எல்லாம் எரிஞ்சு எலும்புக் கூடா நின்னுச்சு. அவனுக்கு இருந்தது அந்த ஒரு லாரிதான்.

நான் சாயங்காலம் பஸ்ஸ விட்டு எறங்குனதும் விசயத்தச் சொன்னாக. பிள்ளைய அவகிட்டக் குடுத்துட்டு ஷெட்டுக்கு ஓடுனேன். தனுஷ்கோடி உடம்பெல்லாம் கரி, இதே பலகையில உக்காந்திருக்கான். நேராப் போயி பானட்டத் தொறந்து டெல்கோவப் பாத்தேன். வேற ரோட்டரு! மேல ‘சொ.பா.’ன்னு கீறியிருக்கு. “ஏதுடா இது? சொர்ணப்பாண்டி வண்டி ரோட்டரு இங்க எப்படிடா வந்துச்சு?”ன்னு சத்தம் போட்டேன். எனக்கு அப்ப நடந்தது முழுசாத் தெரியாதுல்லா. சத்தம் போட்டுக்கிட்டே குனிஞ்சேன், மடி நெகிழ்ந்து எங்கிட்ட இருந்த ரோட்டர் கீழ விழுந்துருச்சு.

அவன் எந்திரிச்சு வந்தான். அத எடுத்தான். மண்ணத் தொடச்சான். பாத்தான். என்னையப் பாத்தான். வாசல்ல ஆளு வர்ற சத்தம் கேட்டுச்சு. அத எங் கையில வச்சு விரல மடக்கி விட்டான். “பிள்ளை ரொம்ப அழுதானாண்ணே?”ன்னு கேட்டான். காதுகுத்தக் கேக்கான்.

மறுநா சங்கத்துல விசாரணை. அரை மணி நேரம் பிந்திப் போச்சு, பாதிக் கிட்டங்கி போச்சு, லாரி போச்சு. இந்த வண்டியோட சொந்த ரோட்டர் எங்கன்னு கேக்காக. சாவி யாருகிட்ட இருந்துச்சு? தனுஷ்கோடி கிட்ட. கோமதிநாயகம் அண்ணாச்சி ஃபைலத் தொறந்தாரு. என் மூணு மனுவும் வரிசையா இருக்கு. சத்தமா வாசிச்சாரு. “பால்வண்ணம் அன்னைக்கே எழுதிக் குடுத்திருக்கான், நாமதான் கேக்கல”ன்னாரு. எனக்கு அது பெருமையாத்தான் இருந்துச்சு தம்பி, பொய் சொல்லல. ஒரு நிமிசம் பெருமையா இருந்துச்சு. “ரோட்டர எவன்கிட்டடா வித்த?”ன்னு அவனக் கேட்டாரு.

அவன் அவரப் பாக்கல. என் முகத்தப் பாத்துக்கிட்டு நின்னான். எம்புட்டு நேரம்ங்கீக? கோவமாப் பாத்தாக் கூடப் பரவால்ல. வேண்டிய பையனுக்குப் பரீட்சைத் தாளக் குடுத்துட்டு, எழுதி முடிக்கட்டும்னு காத்து நிக்கிற வாத்தியார் மாதிரிப் பாத்தான். நான் சுவத்துல இருந்த காலண்டரப் பாத்தேன். கடைசியா “தெரியலைங்க”ன்னு சொன்னான். அம்புட்டுதான். அன்னைக்கே வேலைய விட்டு எடுத்துட்டாக. சொர்ணப்பாண்டி, ‘எங் குடும்பத்தையே கெடுத்துட்டான்’னு தங்கச்சியக் கூட்டிட்டுப் போயிட்டான். ரெண்டு வருசம் அவ வரல.

செண்பகவல்லி என்னையத் திட்டுனா. “போயிச் சொல்லிட்டு வாங்க, இப்பவே போங்க”ன்னா. சொன்னா என் வேலை போயிராதா? கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு நான் எங்க போக? ரோட்டரக் கம்மாயில விட்டெறிஞ்சேன். அதுக்குப் பிறகு அவ எங்கிட்ட வண்டியப் பத்தி ஒரு வார்த்தை பேசுனது கிடையாது, சாகுற வரைக்கும். சரி, நான் கேக்கேன். ஒரு லாரி ரோட்டர் இன்னொரு லாரிக்குப் பொருந்தும்னு அவனுக்கு எப்படி அம்புட்டுச் சட்டுனு தோணுச்சு? முன்னப்பின்ன மாத்திப் பழகாதவனுக்குத் தோணுமா? இத ஒருத்தனும் யோசிக்கல. நான் யோசிச்சேன். யோசிச்சுக்கிட்டேதான் இருக்கேன்.

இருக்கானாவா? நல்லா இருக்கான். கீழத்தெருவுல சைக்கிள் கடை. பொண்டாட்டி திரும்பி வந்துட்டா, பேரன் பேத்தி எடுத்துட்டான். அந்தப் பதினோரு பொம்பளைகள்ல உசுரோட இருக்கவளுக இன்னைக்கும் பொங்கலுக்குக் கரும்பு கொண்டு போயிக் குடுக்காளுக. திருடன்னு சங்கத்துப் புத்தகத்துல இருக்கு, ஆனா அவனத் திருடன்னு கூப்பிட்டவன ஊருல நான் பாக்கல. அதுவும் எனக்குப் புரியல.

உங்க தாளுல அந்த ரோட்டர மட்டும் எழுதாம விட்டுருங்க. எழுதுனா, யாரு மாட்டுனா, ஏன் மாட்டுனான்னு கேப்பாக. ஏன், நீங்க அவனுக்குத் தெரிஞ்ச ஆளா? இல்லையா? சத்தியமா இல்லையா? சரி, நம்புதேன்.

எனக்கு ஒண்ணுதான் தம்பி மண்டையக் குடையுது. அவன் ஏன் சொல்லல? அன்னைக்கு வாயத் தொறந்திருந்தா, என் மடியச் சோதிச்சிருந்தா, தீந்திருக்கும். ரோட்டுல நிறுத்தி வச்சுத் திட்டியிருந்தான்னா நானும் ரெண்டு வார்த்தை பதிலுக்குத் திட்டிட்டு நிம்மதியாத் தூங்கியிருப்பேன். அடிச்சிருந்தா வாங்கியிருப்பேன். முப்பத்திரண்டு வருசமா அதப் பத்தி அவன் மூச்சு விடல. ஒரு மனுசன் சும்மா இருப்பானா? எனக்குப் பயமா இருக்கு தம்பி, மெய்யாவே பயமா இருக்கு.

இன்னைக்குக் காலையில கூட மீரான் மகன் டீக்கடையில பாத்தேன். எனக்கு முன்னாடி நிக்கான். என்னையப் பாத்ததும் பெஞ்சியில நகண்டு எடம் விட்டுட்டு, “அண்ணனுக்குச் சீனி இல்லாம ஒண்ணு போடுப்பா”ங்கான். எனக்குச் சுகர்னு டாக்டர் சொல்லி மூணு மாசம்தான் ஆவுது. நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. அப்ப, விசாரிச்சிருக்கான்ல? எதுக்கு விசாரிக்கான்? டீ வந்துச்சு, ஆறிப் போச்சு, நான் தொடவே இல்ல. நீங்க படிச்சவரு, நாலு ஊரு பாத்தவரு, நீங்களே சொல்லுங்க. இவன் என்னைய என்னதான் தம்பி செய்யப் போறான்?